கெடு

வெள்ளி மாலை ஐந்து மணிக்குள்
கையெழுத்தாக வேண்டும் என்றார்கள்.
வியாழன் பத்தே முக்காலுக்கு
காட்பாடியில் இறங்கும்போதே
மீதி முப்பது மணி நேரம், ஒரு கால்.

ராணிப்பேட்டை சிப்காட்.
தோல் கம்பெனி மாடியில் நீள மேசை,
நான்கு இயக்குநர்கள், நான்கு கூலிங்கிளாஸ் உறை.
ஐந்தாமவர் துபாயிலிருந்து திரையில்;
முக்கியமாக ஏதோ சொல்ல வரும்போதெல்லாம்
வாய் திறந்தபடி உறைந்துபோகிறார்.

கேள்வி ஒன்றுதான்.
ஈரத்தோல் பிரிவை விற்பதா, வைத்துக்கொள்வதா.
வந்திருக்கும் விலை நாற்பத்தொரு கோடி.
அங்கே வேலை செய்கிறவர்கள்
இருநூற்றுப் பதினேழு பேர்.
அதை ஏழாவது ஸ்லைடில் போட்டிருந்தேன்,
அடிக்குறிப்பாக,
எட்டு அளவு எழுத்தில்.

இரவு இரண்டு மணி.
எக்செல்லில் மூன்று எதிர்காலங்கள்:
நல்லது, நடுத்தரம், மோசம்.
மூன்றுக்கும் ஒரே ஃபார்முலா,
வட்டி விகிதம் மட்டும் வேறே.
கணக்கர் முனிரத்தினம் கொட்டாவியோடு கேட்டார்:
"இதுல எது மேடம் நெஜம்?"
பதில் சொல்லாமல் டீ குடிக்க இறங்கினேன்.

கீழே கிடங்கில்
ஈரோட்டு லாரி அப்போதுதான் வந்து நின்றது.
விரித்த தோலின்மேல்
கைகைகையாக உப்பை வீசிக்கொண்டிருந்தார் ஒருவர்,
கோழிக்குத் தீனி போடுகிற லாவகத்தில்.
இவ்வளவு அவசரமா என்றேன்.
"உப்பு உட்டா மாசக்கணக்குல தாங்கும்.
உடலன்னா விடிய்றதுக்குள்ள கெட்டுடும்.
இன்னா, நீங்க மேல ஆபீஸா?"

கெடு. கெட்டுவிடும்.
இரண்டு சொல்லும் ஒரே வாயில்
இத்தனை வருஷம் புழங்கியும்
எனக்கு உறைத்ததில்லை.

மாடியேறி,
அந்தப் பதினோரு பக்கக் கடிதத்தை
கடைசிப் பக்கத்திலிருந்து படித்தேன்.
வெள்ளிக்கிழமை என்ற சொல்லே அதில் இல்லை.
காலையில் கேட்டேன்:
"இந்த ஐந்து மணியை வைத்தது யார்?"

எத்திராஜ் இம்தியாஸைப் பார்த்தார்.
இம்தியாஸ் திரையைப் பார்த்தார்.
திரை உறைந்திருந்தது.
"அன்னிக்கு போன்ல சொன்னாங்க,
வெள்ளிக்குள்ள தெரிஞ்சா நல்லதுன்னு."

'நல்லது' மின்னஞ்சலில் 'வேண்டும்' ஆயிற்று.
'வேண்டும்' என் ஒப்பந்தத்தில் 'இறுதி' ஆயிற்று.
'இறுதி'க்குத்தான் என் கட்டணம் ஒன்றரை மடங்கு.

ஒரு போன்.
நான்கு நிமிடம்.
பதினொரு நாள் கொடுத்தார்கள்,
கூடவே வார இறுதி வாழ்த்தும்.

யாரும் சந்தோஷப்படவில்லை.
நேரமில்லை என்று ஒப்பமிட்டிருக்கலாம்,
நேரமில்லை என்று மறுத்திருக்கலாம்.
இப்போது மேசைமேல் பதினொரு நாள்,
மறைந்துகொள்ள ஒரு கடிகாரம்கூட இல்லாமல்.
எத்திராஜ் கண்ணாடியைத் துடைத்தார்.
துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

அப்போதுதான் எலிசபெத் பிரேமா,
இரண்டு நாளாக ஒன்றும் பேசாதவர்,
"அந்த ஏழாவது ஸ்லைடு" என்றார்.
"கீழே பொடியா என்னமோ எழுதியிருந்தீங்களே,
அதைப் பெருசாக்குங்க."
பெரிதாக்கினேன்.
சுவர் முழுவதும் நின்றது எண்.
யாரும் வாய் திறக்கவில்லை,
துபாய்க்காரரையும் சேர்த்து.

கம்பெனி கார் ஆற்காடு, வேலூர் சுற்றி
பாலாற்றை இரண்டு முறை தாண்டிப் போனது.
இரண்டு முறையும் மணல்.
தோலுக்கு வாங்கிக் கொடுத்த நாட்களுக்கெல்லாம்
உப்பாகவே வட்டி கட்டிய ஆறு.
நான் வாங்கிக் கொடுத்த பதினொன்றுக்கு
யார் கட்டுவார்கள் என்று
எந்தக் கட்டத்திலும் நான் எழுதவில்லை.

பன்னிரண்டாம் நாள் பணம் வந்து சேர்ந்தது.
முடிவு என்ன என்று அவர்கள் சொல்லவில்லை.
போனை எடுத்தேன்,
முனிரத்தினம் பெயர்வரை போனேன்,
வைத்துவிட்டேன்.
செருப்பின் தையலில்
வெள்ளையாக என்னவோ இருந்தது.
நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை.